கையடக்கக் கருவியும் வலியறிதலும்

பதுளைக்குப் புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. ஒன்பது சிகரம் எனப் பொருள்படும் நமுனுகுல மலையின் அயலிலே, தெமோதரையில், அப்பாதை பெருவளையமாகச் சுற்றித் தான் கடந்துவந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்க வழியாகச் செல்கின்றது. மலைச்சரிவோ செங்குத்தானது, எஞ்சினின் வலிமையோ எல்லையுடையது. ஆதலின் பொறியியலாளர் தூரத்தைக் கூட்டிச் சரிவைக் குறைத்தனர். ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்கும் இம்முறையே கையடக்க விளையாட்டுக் கருவிகளின் வரலாற்றையும் நடத்தி வந்திருக்கின்றது.

1989ஆம் ஆண்டில் யப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ, கேம் போய் என்னும் கருவியை வெளியிட்டது. அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யொக்கோய். பழகி மலிந்த தொழில்நுட்பத்தைப் புதிய வழியிற் பயன்படுத்துவதே அவர் கொள்கை. கேம் போய்த் திரையில் வண்ணமில்லை, உள்ளொளியில்லை. நான்கு சாயல்கள் மட்டுமே உண்டு. ஆனால் நான்கு சிறு பற்றரிகள் பத்து மணி நேரத்துக்கு மேலும் உழைத்தன. அடுத்த ஆண்டு சேகா நிறுவனம் வண்ணமும் ஒளியும் கொண்ட கேம் கியரைக் கொணர்ந்தது. கண்ணைக் கவர்ந்த அக்கருவி, ஆறு பற்றரிகளை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தீர்த்துவிட்டது. கேம் போய், தன் வண்ண வழித்தோன்றலுடன் சேர்ந்து, 11 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. கேம் கியர் அதற்கு எட்டாத் தொலைவில் நின்றது.

அக்காலத்தில் எதனை விடுவது என்று தீர்மானித்தவர் கருவியை ஆக்கியவரே. 2022 பெப்ரவரியில் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் வெளிவந்தபோது, அத்தீர்மானம் ஆடுபவர் கைக்கு மாறியது. பெரிய கணினிகளுக்கென எழுதப்பட்ட விளையாட்டுக்களை ஏற்கும் இக்கருவியின் முதல் வடிவத்துப் பற்றரி 40 வாற்று-மணி கொண்டது. கருவி முழுவதும் 20 வாற்று உண்டால் ஆட்டம் இரண்டு மணி நேரம். 10 வாற்று உண்டால் நான்கு மணி நேரம்.

குறைக்க வேண்டியவற்றுள் முதலிடம் நிழல்களுக்கும் நீர்ப் பிரதிபலிப்புக்களுக்கும் உரியது. இவை பெரும் கணிப்பு வேலையை வேண்டுவன; சிறு திரையில் இவற்றின் நுணுக்கத்தைக் கண் அரிதாகவே காணும். பொருள்களின் மேற்பரப்புச் சித்திரங்களோ நினைவகத்தில் இடங்கொள்வனவேயன்றிக் கணிப்பை மிகுதியாக வேண்டுவன அல்ல. அவற்றை இறுதியிலேயே தொட வேண்டும். படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் உபாயமும் உண்டு. 1280க்கு 800 புள்ளிகளுக்குப் பதில் 960க்கு 600 புள்ளிகள் வரையின் வேலை ஏறக்குறையப் பாதியாகும்.

வேகத்திலும் ஓர் இடைவழி உண்டு. நொடிக்கு 60 படங்களாயின் ஒரு படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன், 30 ஆயின் 33.3. இவற்றின் நடுவில் நிற்கும் 25 மில்லிசெக்கன் தருவது 45 அன்று, 40 படங்களே. அவ்வாண்டிலேயே திரையை நொடிக்கு 40 முறை புதுப்பிக்கும் வசதி சேர்க்கப்பட்டது; அசைவின் இதமும் பற்றரியின் ஆயுளும் ஒருங்கே கிட்டின.

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்டது. அத்தகைய நாட்களில் பற்றரியில் எஞ்சும் ஒவ்வொரு வாற்று-மணியும் விளக்குக்கோ தொலைபேசிக்கோ வேண்டியதாகும். வள்ளுவர் வலியறிதலுக்குத் தனியோர் அதிகாரம் வகுத்தார். வினையின் வலியையும் தன் வலியையும் சீர்தூக்கும் அவ்வறிவு, அரசர்க்கு மட்டுமன்றி, விளையாட்டுக் கருவியைக் கையிலேந்தும் இளைஞர்க்கும் வேண்டியதேயாகும்.