கோட்டைகளைக் காணப் புறப்படுமுன்

இராசபுத்தானம் என்று பழைய ஏடுகள் கூறும், இராசத்தான் என்று இன்றைய நிலப்படம் கூறும் அந்த வறண்ட நாட்டுக்கு, அரையாண்டு விடுமுறையில் நண்பர்கள் சிலர் புறப்படத் திட்டமிடுகிறோம். கையிலே வழிகாட்டி ஏடுகள் நான்கு. நான்கும் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன: மன்னனின் மாண்பு, அரசியின் கற்பு, மாளிகையின் எழில். எழில் உண்டுதான், மறுப்பாரில்லை. ஆனால் கல் சுமந்தவன் எங்கே? வரி கொடுத்தவன் எங்கே? தீயில் இறங்கியவளின் மனத்தைக் கேட்டவர் யார்? ஏடுகளில் விடையில்லை. ஆகவே வழியை நாமே வகுத்தோம். தோழர்கள் பிறருக்கும் பயன்படலாமென இங்கே எழுதுகிறேன்.

டிசம்பர் திங்களே ஏற்றது; மே திங்களில் செல்வோர் மணலில் வறுபடுவர்.

முதல் ஊர் செய்ப்பூர். 1727-இல் இரண்டாம் செய்சிங் அமைத்த நகரம். அவன் எழுப்பிய வானாய்வுக் கூடத்துக்கு ஒரு முற்பகல் முழுவதையும் ஒதுக்குக. அங்கே ஏறத்தாழ 27 மீட்டர் உயரத்தில் நிற்கும் நிழற்கடிகாரம், நேரத்தை இரண்டு நொடி நுட்பத்தில் காட்டவல்லது. அத்தகைய அறிவாளிதான் புரோகிதர்களைக் கூட்டிக் குதிரை வேள்வியும் நடத்தினான்! கதிரவனை அளந்த கையே வேள்விப் புகைக்கும் செலவழித்தது. இந்நகரின் உயர்நீதிமன்ற வளாகத்திலோ, 1989-இல், மனுவுக்குச் சிலை வைத்தார்கள். அரசியல் சட்டத்தின் பெயரால் நீதி வழங்கும் இடத்தில் மனு! 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அம்பேத்கர் எரித்தாரே, அதே நூலின் ஆசானாகப் போற்றப்படுபவனுக்கு. எங்கள் திட்டத்தில் செய்ப்பூருக்கு அந்த நாளையே குறித்திருக்கிறோம். நீதிமன்றம் அன்று விடுமுறைதான், இருக்கட்டும்.

அடுத்து சோத்பூர். 1459-இல் தொடங்கிய மெக்ரான்கட் கோட்டை, பாறையிலிருந்தே வளர்ந்தது போல நிற்கிறது. அது நிலைக்கவேண்டுமென்று, இராசாராம் மேக்வால் என்ற தாழ்த்தப்பட்ட வகுப்பினரை உயிரோடு அடித்தளத்தில் புதைத்தனர் என்பது அவ்வூர் மரபு. அவர் பெயரைச் சொல்லும் கல் கோட்டையிலேயே இருக்கிறது. பார்த்துவிட்டு இரும்பு வாயிலுக்கு வருக. சுவரிலே சின்னஞ்சிறு கைகளின் பதிவுகள். செந்தூரம் பூசிய கைகள். 1843-இல் மன்னன் மான்சிங் மாண்டபோது உடன்கட்டை ஏறிய மனைவியர் விட்டுச்சென்ற அடையாளம் அவை. கம்பெனி ஆட்சி 1829-இலேயே அக்கொடுமையைத் தடை செய்துவிட்டதே என்பீர்கள். அத்தடை கம்பெனியின் நிலத்தோடு நின்றது. மன்னனின் நிலத்திற்குள் நுழையவில்லை.

இஃது என்றோ முடிந்த கதையன்று. 1987 செப்டம்பர் 4 அன்று, இதே மாநிலத்தின் தேவராலா ஊரில், 18 வயதே ஆன ரூப் கன்வர் கணவனின் சிதையில் எரிந்தாள். கூட்டம் கூடி அவளைத் தெய்வமாக்கியது. அதன் பிறகே உடன்கட்டையைப் போற்றுவதும் குற்றமென்று புதிய சட்டம் வந்தது. அந்தச் சாவைப் போற்றியதாகத் தொடுத்த வழக்கில் எட்டுப் பேர் 2024-இல் விடுதலையாயினர். செந்தூரக் கைகளின் முன் கும்பிடுவதை வெறும் சுற்றுலா வேடிக்கை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

உதயப்பூரின் ஏரி மாளிகைகளுக்கு ஒரு மாலை போதும். அங்கிருந்து தெற்கே, குசராத்து எல்லையில், மான்கட் குன்று. கோட்டையில்லை, கொத்தளமில்லை. கட்டாய உழைப்பை எதிர்த்துக் கோவிந்த குரு திரட்டிய பீல் மக்களை, 1913 நவம்பர் 17 அன்று, வெள்ளையர் படையும் மன்னர்களின் படையும் சேர்ந்து சுட்டன. மாண்டவர் 1,500 பேர் என்பது மக்கள் நினைவு.

இனி சித்தூர். வழிகாட்டி பத்மினியின் கதையைச் சொல்லிக் கண்ணீர் விடுவார். 1303 முற்றுகையின்போது அலாவுதீனுடன் வந்த அமீர் குசுரு எழுதிய வரலாற்றில் அந்தப் பெயரே இல்லை. பெயர் வருவது 1540-இல் சாயசி பாடிய காவியத்தில்; இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி! ஆனால் 1568 நடந்தது. கோட்டை வீழ்ந்த மறுகணம் அக்பரின் ஆணையால் வெட்டுண்டவர் ஏறத்தாழ 30,000 பேர். பெரும்பாலோர் உழவர், காவலுக்கு உதவியதே அவர்கள் செய்த பிழை. தீக்குளித்த அரசியருக்கு ஆண்டுதோறும் விழா எடுக்கிறது சித்தூர். உழவனுக்கு எந்த நாளில் விழா என்று வழிகாட்டியைக் கேட்டுப் பாருங்கள்.

கடைசி ஊர் பிசோலியா. சித்தூரிலிருந்து கோட்டா நகருக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது. நாங்கள் வாங்கிய ஏடுகளில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. மேவார் அரசுக்குட்பட்ட இச்சிற்றூர்ச் சீமையில், உழவரிடம் பறித்த வரிகள் 84 வகை என்பர். 1897-இல் தொடங்கிய அவர்களது கிளர்ச்சி, பிற்பாடு விசய்சிங் பதிக் தலைமையில் ஓங்கி, 1941 வரை நடந்தது. 1903-இல் சீமைத் தலைவன் புதிதாக ஒரு வரி விதித்தான்: மகளுக்கு மணமுடித்தால் ஐந்து ரூபாய் கட்டவேண்டும். உழவர் கத்தி எடுக்கவில்லை. திருமணங்களையே நிறுத்திவிட்டனர். மணமாகாத பெண்களை அழைத்துக்கொண்டு அவன் மாளிகை வாயிலுக்கே சென்று நின்றனர். வரியைக் கைவிட்டான்.