சிபிநாட், ட்ரூநாட்: சளிப் பரிசோதனையில் 'பெருக்கம்' என்றால் என்ன?

பூதிகோட்டை, கோலார் தங்கவயல் பக்கம் உங்க தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவரா? சுரங்கத்தை 2001-லேயே மூடிட்டாங்க; நுரையீரலில் படிந்த சிலிக்கா தூசி போகாது. அது காசநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும். இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்கலைன்னா, டாக்டர் 'நாட்' எழுதுவார்: நியூக்ளிக் அமிலப் பெருக்கச் சோதனை. அரசு மருத்துவமனையில் இலவசம்.

சளியில் இருக்கும் கிருமியின் டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட ஒரு துண்டை மட்டும் திரும்பத் திரும்ப நகலெடுப்பதுதான் 'பெருக்கம்'. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பானால், 30 சுற்றில் ஒரு துண்டு 100 கோடியைத் தாண்டும். மைக்ரோஸ்கோப்புக்குத் தப்பும் கிருமியும் இதில் மாட்டும். ரிஃபாம்பிசின் மருந்து கேட்குமா என்பதும் தெரியும்.

ஒரு சிக்கல்: செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் பெருகும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டு முடித்தவருக்கு 'பாசிட்டிவ்' வந்தால், நோய் திரும்பியதா என்பதை கல்ச்சர் சோதனைதான் சொல்லும்.