கோவையின் புஜப் பயிற்சி மரபு

கோயமுத்தூரின் தென்பகுதியில், நொய்யல் நீர் நிரப்பும் பெரியகுளத்தின் கரையை ஒட்டி, பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் வழிகள் பிரியும் இடத்தில் அமைந்த உக்கடம், தோள்களின் உழைப்பால் ஜீவித்து வரும் பகுதியாகும். லாரிப்பேட்டையில் மூட்டை இறக்குவோரும் மீன் சந்தையில் ஐஸ் பெட்டிகளைச் சுமப்போரும் இன்று அங்கே நாள்தோறும் தோள் கொடுக்கிறார்கள். அதை அடுத்த கோட்டைமேட்டிலோ, 1791-இல் திப்புவின் சேனை கும்பினியாரிடமிருந்து முற்றுகையிட்டு மீட்ட கோட்டையில், தாக்கியவர்களும் காத்தவர்களும் தங்கள் புஜபலத்தையே பெரிதும் நம்பி நின்றார்கள். சுமையானாலும் சமரானாலும் மனிதனுக்கு முதற் கருவியாக நின்ற இந்த உறுப்பைப் பயிற்றுவதற்கும், அது நொந்தபோது தேற்றுவதற்கும் நம் முன்னோர் என்ன முறை கண்டனர், அம்முறை எங்கெங்கே சென்று எவ்வாறு திரும்பி வந்தது என்பது கொங்கு நாட்டார் அறிந்து பெருமை கொள்ளத்தக்க சரித்திரமாகும்.

சரீரத்தின் மூட்டுகள் எல்லாவற்றிலும் மிகுந்த சுதந்திரம் படைத்தது தோள் மூட்டே. மேற்கை எலும்பின் தலை பெரிது. அதை ஏந்தும் தோள்பட்டைக் குழியோ ஆழமற்றது. தட்டில் வைத்த எலுமிச்சம்பழம்போல எளிதில் நழுவக்கூடிய அந்த நிலையில், எலும்பைக் குழியோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு நான்கு சிறு தசைகளையும் அவற்றின் நாண்களையும் சார்ந்திருக்கிறது. கை எல்லாத் திசைகளிலும் சுழல்வதற்காக இயற்கை உறுதியைத் தியாகம் செய்துவிட்டது. அவ்வுறுதியை அப்பியாசத்தினாலேயே ஈட்டிக்கொள்ள வேண்டும் என்பதை, சரீர சாஸ்திர நூல்களைக் கல்லாதவர்களாயினும், நம் மல்லர்கள் அனுபவத்தால் உணர்ந்திருந்தார்கள்.

தமிழகத்தில் மற்போரின் தொன்மைக்குப் புறநானூறே சாட்சி. போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம், மல்லவிநோதம் என்னும் பகுதியில் மல்லர்களின் பயிற்சியை விரித்துரைக்கிறது. இம்மரபின் வழியில் தண்டாலும் பஸ்கியும் கர்லாவும் சிலம்பக் களங்களிலும் தாலிம்கானா என்னும் பயிற்சிக்கூடங்களிலும் வாழ்ந்து வந்தன; வாத்தியார் என்று அழைத்தாலும் உஸ்தாது என்று அழைத்தாலும், கற்பிப்பவர் கையில் இருந்த கட்டை ஒன்றே.

கர்லாக்கட்டையைச் சுழற்றும் முறையைச் சற்று உற்றுநோக்கினால் அதன் நுட்பம் விளங்கும். அடி பருத்து நுனி சிறுத்த அக்கட்டையின் பிடியைப் பற்றி, தோளின்மேல் நிமிர்த்தி, தலையைச் சுற்றிச் செலுத்தி முதுகுப்புறம் தொங்கவிடும்போது, கட்டையின் கனமே மூட்டைச் சூழ்ந்த சவ்வையும் தசைகளையும் இதமாக இழுத்து நீட்டுகிறது; அங்கிருந்து அதை மறுபுறமாக முன்னே கொணரும்போது அதே தசைகள் சுருங்கி வேலை செய்கின்றன; வேகமாக வரும் கட்டையைத் தடுத்து நிறுத்தும்போது, எலும்பைக் குழியில் காக்கும் சிறுதசைகள் தங்கள் கடமையைக் கற்கின்றன. நீட்டல், வலுவூட்டல், அடக்கியாளுதல் ஆகிய மூன்றும் ஒரே சுற்றில் அடங்கிவிடுகின்றன. ஆனால் புதிதாக வந்த மாணாக்கனிடம் பெரிய புஜகர்லாவை எந்த நல்ல வாத்தியாரும் கொடுப்பதில்லை. வெறுங்கையால் சுழற்றப் பழகி, இலகுவான கைக்கர்லாவில் தேறி, மூச்சும் நடையும் ஒத்துவந்த பிறகே கனம் கூட்டப்படும். அசைவு முந்தியது, சுமை பிந்தியது என்னும் இக்கிரமமே அக்கலையின் ஜீவநாடி.

இந்நாட்டில் பணிபுரிந்த ஆங்கிலச் சிப்பாய்கள் கர்லாவைக் கண்டு வியந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதைத் தங்கள் பயிற்சியிலும் சேர்த்துக்கொண்டார்கள். டொனால்டு வாக்கர் 1834-இல் லண்டனில் வெளியிட்ட தேகப்பயிற்சி நூல் அதனை விளக்கிற்று. அமெரிக்காவில் சிம் கெஹோ 1866-இல் அதற்கென்றே தனி நூல் எழுதியதோடு, கட்டைகளைச் செய்து விற்றும் வந்தார். 1904-ஆம் ஆண்டிலும் 1932-ஆம் ஆண்டிலும் ஒலிம்பிக் பந்தயங்களில் கட்டை சுழற்றுதல் ஒரு போட்டியாகவே இடம்பெற்றது. இந்தியக் களரிகளில் மண்ணில் நின்று பழகிய கலை, இவ்வாறு மேல்நாட்டுப் பள்ளிகளின் கூடங்களில் வாத்திய இசைக்கேற்ப ஆடப்பெற்றது.

அதே காலத்தில் கோவை நகரம் வேறொரு மாறுதலுக்கு உள்ளாயிற்று. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-இல் தொடங்கிய பஞ்சாலையைப் பின்பற்றி ஆலைகள் எழுந்தன. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் அவை பெருகின. கழனியில் உழைத்த தோள்கள் இயந்திரத்தின் முன் ஒரே அசைவை ஷிப்டு முழுதும் செய்யலாயின. அந்த ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளிடையே தேகப்பயிற்சி ஆர்வம் கொழுந்துவிட்டது வியப்பன்று. 1904-05-இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்த ஜெர்மானிய வீரர் யூஜின் சாண்டோவின் புகழ் இளைஞர் உள்ளங்களில் வேரூன்றியிருந்தது. உக்கடத்துக்குக் கிழக்கே ராமநாதபுரத்தில் 1915-இல் பிறந்து, இளமையில் ஆலைத் தொழிலாளியாக உழைத்த சின்னப்பா தேவர், நண்பர்களுடன் வீரமாருதி தேகப்பயிற்சி சாலையை நிறுவிப் பயின்று, சாண்டோ என்னும் அடைமொழியையே தம் பெயரோடு தாங்கினார். ஜூபிடர் நிறுவனத்தின் 'ராஜகுமாரி' முதலிய படங்களில் சண்டைக் காட்சிகளில் தோன்றிப் பிற்காலத்தில் பெரிய தயாரிப்பாளராக உயர்ந்தார். கல்வியாளர் அவிநாசிலிங்கம் அவர்கள் தோற்றுவித்த பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம், 1956-இல் மாருதி உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கி, இவ்வார்வத்துக்குக் கல்வியின் அந்தஸ்தை அளித்தது.

பலத்தை வளர்க்கும் கலை இங்ஙனம் நடைபோட, நோயுற்ற தோளைத் தேற்றும் வைத்திய சாஸ்திரம் வேறு பாதையில் அதே உண்மையை நோக்கி வந்தது. பிரெஞ்சு வைத்தியர் டுப்ளே 1872-இல் தோள் இறுக்க நோயை விவரித்தார். பாஸ்டன் நகரத்து எர்னஸ்ட் காட்மன் 1934-இல் தோளைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். நோயாளி முன்னே குனிந்து, வலிக்கும் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு ஊசலாட்டும் பயிற்சிக்கு இன்றும் காட்மன் பெயரே வழங்குகிறது. கையின் சொந்தக் கனமே மூட்டை இதமாக இழுத்து இளக்குகிறது என்பது அதன் தத்துவம். கர்லா முதுகுப்புறம் தொங்கும்போது நிகழ்வதும் அதுவே அன்றோ?

தமிழகத்தில் இச்சாஸ்திரத்துக்கு மனிதாபிமானத்தின் ஒளியைத் தந்தது வேலூரின் மருத்துவக் கல்லூரி. 1946-இல் அங்கு வந்த வைத்தியர் பால் பிராண்ட், குஷ்டரோகிகளின் கைகளுக்குச் சத்திரசிகிச்சையோடு பயிற்சியையும் அளித்து மீட்டார். 1954-இல் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தே மறுவாழ்வு மருத்துவத்தைக் கற்றுவந்து, அங்கே தனித்துறையைத் தொடங்கி நடத்தினார். கோவையில் 1978-இல் டாக்டர் ஜே. ஜி. சண்முகநாதன் தோற்றுவித்த கங்கா மருத்துவமனை, எலும்பு சிகிச்சையிலும் கை சத்திரசிகிச்சையிலும் உலகறிந்த நிலையை எய்தியிருக்கிறது. இருசக்கர வாகன விபத்தில் கழுத்திலிருந்து புஜத்துக்குச் செல்லும் நரம்புக் கொத்து அறுபட்டவர்களுக்கு, நரம்பைப் பொருத்துவது சிகிச்சையின் முற்பகுதியே. நரம்பு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் அளவே வளருமாதலால், அது தசையைச் சென்றடையும் பல மாதங்கள் வரை மூட்டு இறுகாமல் காக்கும் பெரும்பணி பயிற்சி அளிப்போரின் கைகளில் இருக்கிறது.

இன்று பிசியோதெரபி கூடங்களில் சுவரில் விரல்களை மெல்ல மேலேற்றுதல், கப்பிக் கயிற்றால் ஒரு கையைக்கொண்டு மறுகையை உயர்த்துதல், கோலைப் பற்றிக் கையைப் பக்கவாட்டில் திருப்புதல், பின்னர் ரப்பர் பட்டையை இழுத்துத் தசைக்கு வலுவூட்டுதல் என்னும் வரிசையைக் காண்கிறோம். வலி தணிதல், அசைவு மீளுதல், வலு கூடுதல், தொழிலுக்குத் திரும்புதல் என்னும் இப்படிகளைப் பழைய வாத்தியாரின் கிரமத்தோடு ஒப்பிட்டால் உறவு தெளிவாகும். எனினும் இறுகிய தோளோடு வருபவர் கர்லாவை எடுத்தவுடன் சுழற்றலாகாது. முதலில் வைத்தியரிடம் காட்டி, இறுக்கம் தளர்ந்த பின்னரே கனத்தைத் தொட வேண்டும். நீரிழிவு உடையோரைத் தோள் இறுக்கம் மிகுதியாகப் பற்றுமாதலால், அந்நோய் பரவிவரும் நம் ஜில்லாவில் இவ்வெச்சரிக்கை இரட்டிப்பு அவசியமாகிறது.

பலசாலியின் பயிற்சி வேறு, நோயாளியின் பயிற்சி வேறு என்று பிரித்து நோக்கியதால் நாம் இழந்தது பெரிது. வைத்தியர் தம் கூடத்தில் நோயாளிக்காகக் காத்திருக்கிறார். வாத்தியார் தம் களத்தில் மாணாக்கனுக்காகக் காத்திருக்கிறார். இவ்விருவருக்கும் இடையே மூட்டை சுமக்கும் தொழிலாளி எவரிடமும் கற்காமலே தன் தோளைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். லாரிப்பேட்டையில் வேலை தொடங்குமுன் கால்மணி நேரம் தோளை அசைத்து நீட்டுவிக்க ஒரு வாத்தியாரும், எவனுக்கு ஓய்வு வேண்டும், எவனுக்குச் சிகிச்சை வேண்டும் என்று கண்டு சொல்ல ஒரு பிசியோதெரபிஸ்டும் ஒன்றுகூடுவார்களாயின், அதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் ஆகாது. பலசாலிகளையும் நிபுணர்களையும் ஒருங்கே ஈன்ற கோயமுத்தூர், தன் சுமையைத் தாங்கும் மக்களுக்கு இவ்வித்தையை நோய்க்கு முன்னரே கற்பிக்கக் கடமைப்பட்டிருக்கிறது.