உவர்மண்ணும் வெள்ளாவியும்

பருத்தித் துணியில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கியது யார் என்று கேட்டால், விளம்பரம் சோப்புக் கம்பெனியைக் காட்டும். சன்லைட் சோப்பு இந்தியாவில் வந்திறங்கியது 1888-இல். சர்ஃப் 1959-இல், நிர்மா 1969-இல். அதுக்கு முன்னால எல்லாரும் பிசுக்கோடவா அலைஞ்சாங்க?

இல்லை. உவர்மண் இருந்தது. கோடையில் தரைமேல் வெள்ளையாய்ப் பூக்கும் அந்த மண்ணில் சோடா உப்பு இருக்கிறது. வண்ணார்கள் அதைச் சுரண்டியெடுத்து, தண்ணீரில் கரைத்து, துணியை முக்கி, வெள்ளாவியில் அடுக்கி இரவெல்லாம் ஆவி காட்டினார்கள். சூட்டில் எண்ணெய் இளகும். காரம் அதைச் சோப்பாகவே மாற்றிவிடும். காலையில் கல்லில் அடித்து அலசினால் தண்ணீரோடு போய்விடும். பருத்தி இந்தக் காரத்தைத் தாங்கும், பட்டு தாங்காது. இதுவும் அவர்களுக்குத் தெரியும். கொழுப்பு காரத்தில் எப்படிச் சோப்பாகிறது என்று பிரான்சில் செவ்ரெல் நூலெழுதி விளக்கியது 1823-இல். அவர் விஞ்ஞானி. இவர்கள் வெறும் வண்ணார்.

தென்னார்க்காட்டுக் கிராமமொன்றில் ஒரு பெரியம்மா எனக்குச் சொன்னார்: “தலகாணி உறையில ஏறுன எண்ணெய்க்கு உவரு போதும் சாமி. மிசினு கிரீசுக்கு அது கேக்காது. மண்ணெண்ணெ தொட்டுத் தேச்சுட்டு, அப்புறம் சவுக்காரம் போடணும்.” சரியான வேதியியல். தாவர எண்ணெயும் மிருகக் கொழுப்பும்தான் காரத்தில் சோப்பாகும். பெட்ரோலியக் கிரீஸ் ஆகாது; அதை மண்ணெண்ணெய்தான் கரைக்கும்.

அவர் புதிரை வண்ணார். நான் சேரிக்காரன். என்னைத்தான் அவர் ‘சாமி’ என்றார். இந்த வரலாறு நம் பக்கம் திரும்புவது இங்கேதான்.

1932 டிசம்பர் 24 ‘இந்து’ நாளிதழ் திருநெல்வேலி மாவட்டத்துப் புதிரை வண்ணார்களைப் பற்றி எழுதியது. தீண்டப்படாதவர்களின் துணியை வெளுத்த அவர்கள் கண்ணில் பட்டாலே தீட்டாம். பகலில் வெளியே வரக்கூடாது. நடுச்சாமத்துக்கும் விடியலுக்கும் நடுவில்தான் வேலை. சாதி பற்றிய தம் நூலில் ஹட்டனும் இதை எடுத்துக்காட்டினார்.

ஊர் நம்மை ஒதுக்கியது. நாம் என்ன செய்தோம்? பிள்ளை பெற்ற துணி, தூமைத் துணி, சாவுத் துணி எல்லாவற்றையும் அவர்கள் தலையில் ஏற்றினோம். கூலி, களத்து நெல்லும் ராச்சோறும். எண்ணெயை எடுக்கிற காரம் கைத்தோலின் நெய்ப்பையும் சேர்த்தே எடுக்கும். வேட்டி நமக்கு வெளுத்தது, விரலிடுக்கு அவர்களுக்கு வெடித்தது.

1994-இல் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ இதைப் பேசியபோது நம்மிலேயே பலருக்குக் கோபம் வந்தது. 2009-இல் அரசு நல வாரியம் அமைத்தது. பட்டியலில் பெயர் இருந்தும் சாதிச் சான்றிதழுக்காக அலைகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

தலித் வரலாறு எழுதும் தோழர்கள் துறையோரமும் போக வேண்டும். உவர் எடுத்த இடம், வெள்ளாவி வைத்த முறை, வாங்கிய கூலி, பட்ட அடி எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். எழுத உட்காருமுன், “எங்களைச் சாமின்னு கூப்பிடாதீங்க” என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.