இந்திய ஸ்பிட்ஸ்

இந்திய ஸ்பிட்ஸ் என்பது கூரிய முகமும், நிமிர்ந்த முக்கோணச் செவிகளும், முதுகின்மேல் சுருண்டு படியும் அடர்ந்த வாலும் உடைய, பெரும்பாலும் வெண்ணிறமான, வீட்டோடு வளரும் சிற்றுருவ நாய் ஜாதி. திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும், திண்டுக்கல் செல்லும் சாலையில் மணப்பாறையைக் கடந்தால் வரும் வையம்பட்டி முதலிய ஊர்களிலும், பெரியவர்கள் ‘பொமரேனியன்’ என்றும் குழந்தைகள் ‘புசுபுசு நாய்’ என்றும் அழைப்பது மிகப் பெரும்பாலும் இந்த நாயைத்தான். அசல் பொமரேனியன் இதற்குத் தாயாதி முறை, மூன்று கிலோவைத் தாண்டுவது அரிது, முகமும் குட்டையானது.

ஸ்பிட்ஸ் குடும்பத்தின் பூர்விகம் வடதிசைக் குளிர்ப் பிரதேசங்கள். அங்கே பனியில் சறுக்குவண்டி இழுத்தும் பண்ணைகளையும் களங்களையும் காவல் காத்தும் பிழைத்த நாய்களின் சந்ததியில், பால்டிக் கடலின் தென்கரையில், இன்று போலந்துக்கும் ஜெர்மனிக்கும் பங்காகிவிட்ட பொமரேனியாவின் பெயரைத் தாங்கிய ஒரு கிளை, 1767-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி சார்லட் ராணியால் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டது. ஓவியர் கெய்ன்ஸ்பரோ தீட்டிய தாயும் குட்டியுமான சித்திரத்தில் அக்கால நாயின் உருவத்தைக் காணலாம். அது இன்றைய பொமரேனியனைப்போல மடியில் அடங்கும் நாயன்று. அதைச் சிறுக வைத்தவர் சார்லட்டின் பேத்தியான விக்டோரியா மகாராணி. 1888-இல் பிளாரன்ஸ் நகரத்தில் ‘மார்க்கோ’ என்ற சிறிய செந்நிற நாயை வாங்கி வந்து, அரண்மனையிலேயே அந்த இனத்தைப் பெருக்கி, கண்காட்சிகளுக்கும் அனுப்பினார் அம்மையார். அரசி விரும்பியதைப் பிரஜைகளும் விரும்பினார்கள். அவருடைய ஆயுட்காலத்திற்குள்ளாகவே அந்த இனத்தின் உருவம் பாதியளவுக்குக் குறைந்துவிட்டதாகச் சொல்வதுண்டு.

இந்தியக் கிளையின் கதை வேறு. ஆங்கிலேயர் ஆட்சியில் கப்பலேறி வந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் நாய்கள், இந்நாட்டுச் சீதோஷ்ணத்தைத் தாங்கியவை எவையோ அவையே தழைக்குமாறு தலைமுறை தலைமுறையாக இங்கே இனப்பெருக்கம் செய்யப்பட்டு, தனி ஜாதியாகவே நிலைபெற்றன. இந்தியக் கென்னல் கிளப் இதனைச் சிறியது, பெரியது என இரண்டாகப் பிரிக்கிறது: சிறியது சுமார் 5 முதல் 7 கிலோ எடையும் ஓரடிக்குக் குறைந்த உயரமும் உடையது, பெரியது 12 முதல் 20 கிலோ வரை செல்லும். வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வது எளிதாக இல்லாத 1980-களில் மத்தியதர வகுப்பினருக்குக் கைக்கெட்டிய ‘ஜாதி நாய்’ இதுவே. 1994-இல் வெளிவந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ என்ற ஹிந்திப் படத்தில் ‘டஃபி’ என்ற பெயரில் நடித்ததும் இந்த ஜாதியே. பின்னர் இறக்குமதியின் கதவு திறந்தது. 2003-இல் கைத்தொலைபேசி நிறுவனமொன்றின் விளம்பரத்தில் பக் நாய் சிறுவனைப் பின்தொடர்ந்து நடந்தது. மோகம் அந்தப் பக்கம் சாய்ந்தது. 2005-இல் அஞ்சல் துறை இந்திய நாய்களுக்கு வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, ஸ்பிட்ஸுக்குக் கிடைக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்குமேல் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தும் அதனை அந்நியமாகவே கருதுவது சற்றுக் கடுமையான தீர்ப்பென்றே தோன்றுகிறது.

இதன் சுபாவத்தை அறிய விரும்புவோர் முதலில் இதன் உருவத்தை மறக்க வேண்டும். களம் காத்த முன்னோரின் விழிப்பு, உடல் சிறுத்தபோது உடன் சிறுக்கவில்லை. ஸ்ரீரங்கத்து ஓட்டு வீடுகளில், கொல்லைப்புறக் கிணற்றடியில் படுத்திருந்தாலும், ரேழியையும் கூடத்தையும் தாண்டித் திண்ணையில் வந்து நிற்கும் காலடியை அது முன்னதாகவே அறிந்து குரல் கொடுத்துவிடும். தபால்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். தான் குரைத்ததனாலேயே அவர் ஓடினார் என்று முடிவு கட்டிக்கொள்ளும் அந்தப் பிராணிக்கு நாள்தோறும் ஒரு வெற்றி சித்திப்பதால், அப்பழக்கம் வயது ஏற ஏற வலுக்கிறது. ‘ஓயாமல் கத்துகிறது’ என்று சலித்துக்கொள்பவர்கள், காவற்காரனை விளையாட்டுப் பொம்மையென எண்ணி வாங்கியவர்களே. மூன்றாவது வாரம் முதல் மூன்று மாதம் வரையிலான பருவத்திலேயே பல மனிதர்களையும் பல ஓசைகளையும் குட்டிக்குப் பழக்கிவிட்டால் இந்தச் சந்தேக புத்தி பெரிதும் தணியும். வீட்டார் அனைவரிடமும் அன்பு காட்டினும், ஒருவரையே தன் எஜமானராக வரித்துக்கொண்டு அவர் போகுமிடமெல்லாம் உடன் போவது இதன் இயல்பு. புத்திக்கூர்மை உண்டு, பாராட்டுக்கு இணங்கும், அதட்டலுக்கு முரண்டு பிடிக்கும். வாலையும் ரோமத்தையும் பற்றி இழுக்கும் சிறு குழந்தைகளிடம் இதற்குப் பொறுமை குறைவு. கடித்தது சிறிய நாய்தானே என்ற அலட்சியம் கூடாது. வெறிநோய்த் தடுப்பூசி இதற்கும் தவறாமல் போடப்பட வேண்டியதே.

நாய் வாசற்படி தாண்டலாகாது என்ற ஆசாரம் நிலவிய வீடுகளிலும் கூடத்துக்குள் இடம் பெற்றுவிட்ட இந்தப் பிராணி, அவ்வீட்டு உணவையே தன் உணவாகவும் கொண்டது. தயிர்சாதத்தில் வளர்ந்து முதுமை கண்ட ஸ்பிட்ஸ்கள் பல. ஆயினும் முதல்நாள் மிஞ்சிய வெங்காயச் சாம்பாரை ஊற்றிச் சோறு பிசைந்து வைப்பது தீங்கானது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. பாயசத்தில் மிதக்கும் திராட்சையோ சிறுநீரகத்தைக் கெடுக்கும். அக்கினி நட்சத்திரக் காலத்தில் திருச்சிராப்பள்ளிச் சீமையின் வெயிலுக்கு அஞ்சி ரோமத்தை முழுவதும் மழித்துவிடுவோரும் உண்டு. உள்ளே பஞ்சுரோமமும் வெளியே நீள்ரோமமுமாக இரண்டு அடுக்காக அமைந்த அந்தப் போர்வை குளிரைத் தடுப்பதுடன் வெயிலையும் ஓரளவு தடுப்பதாதலால், மழித்தால் தோல் வெந்து புண்ணாகும். முடியும் பழையபடி வளராது போகலாம். நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. பாதத்தில் மட்டும் சிறிது வியர்க்கும். மற்றபடி நாக்கை நீட்டி இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். எனவே நிழலும் குளிர்ந்த நீரும் வேண்டும். உதிர்ரோமத்தை அடிக்கடி வாரி நீக்க வேண்டும். தார்ச்சாலை சுடும் வேளையில் வெளியே அழைத்துச் செல்லலாகாது. பல்லில் காறை படிவதும், முழங்காற் சில்லு நழுவுவதும் இதன் சாதாரண நோய்கள். நன்கு பேணினால் 12 முதல் 15 ஆண்டுகள் வாழும்.