பதினாறு வயதும் ஐம்பது சிசியும்

16 வயதிலேயே எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வாங்கலாம் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். பெற்றோர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், வண்டி 50 சிசியைத் தாண்டக் கூடாது. பெடலை மிதித்துக் கிளப்பும் டிவிஎஸ் 50 தெருவெங்கும் ஓடிய காலத்துக்கு அந்த எண் பொருந்தியது. இன்று ஷோரூமில் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் ஏறக்குறைய எல்லாமே 100 சிசிக்கு மேல். உரிமம் உண்டு, ஓட்டத்தான் வண்டியில்லை, ஏட்டுச் சுரைக்காய்தான்.

பிள்ளைகளின் பாதுகாப்புக்கு அதுவே நல்லது என்பார்கள். டியூஷன் வாசலில் பார்த்தால் தெரியும்: அப்பாவின் ஸ்கூட்டரில் மூன்று பேர், ஹெல்மெட் இல்லை, எட்டு போட்டுக் காட்டியதும் இல்லை. எல்.எல்.ஆர். வாங்கியிருந்தால் விதிகளையாவது படித்திருப்பார்கள். அந்தச் சட்டத்தின் 2019 திருத்தம், பிள்ளைகள் இப்படி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதித்தது. 50 சிசியை மட்டும் தொடவில்லை.