உதகை ரேடியோ தொலைநோக்கியும் பேரண்டத் தோற்ற ஆய்வும்

உதகை ரேடியோ தொலைநோக்கி, நீலகிரி மாவட்டத்தில் உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் கோவிந்த் சுவரூப் (1929–2020) தலைமையில் அமைக்கப்பட்டு, 1970இல் செயல்படத் தொடங்கிய வானியல் கருவியாகும். பேரண்டத்துக்குத் தொடக்கம் உண்டா என்னும் விவாதத்தில் இக்கருவி இந்திய மண்ணிலிருந்து முக்கியமான சான்றளித்தது.

பின்னணி: விண்மீன் திரள்களின் ஒளி அலைகள் நீண்டு சிவப்பு நிறத்தை நோக்கி நகர்வது செம்பெயர்ச்சி எனப்படும். இதைக் கொண்டு, தொலைவு கூடக்கூடத் திரள்கள் விலகும் வேகமும் கூடுவதை 1929இல் எட்வின் ஹபிள் காட்டினார். அடர்ந்த, வெப்பமிக்க தொடக்கத்திலிருந்து பேரண்டம் விரிந்தது என்பது பெருவெடிப்புக் கொள்கை. விரிவால் உண்டாகும் இடைவெளியில் புதுப்பொருள் தோன்றிக்கொண்டே இருப்பதால் பேரண்டம் எக்காலத்தும் ஒரே தன்மையுடையது என்பது, 1948இல் ஹாயில், பாண்டி, கோல்டு ஆகியோர் முன்வைத்த மாறா நிலைக் கொள்கை. தொடக்க வெப்பத்தின் எச்சமான நுண்ணலைப் பின்புலக் கதிர்வீச்சைப் பென்சியாசும் வில்சனும் 1965இல் அறிவித்தபின் பெருவெடிப்புக் கொள்கை வலுப்பெற்றது.

அமைப்பும் முறையும்: 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட இவ்வுருளை வடிவத் தொலைநோக்கி, அவ்விடத்தின் அகலாங்குக்குச் சமமாக ஏறத்தாழ 11 பாகை சரிந்த மலைச்சரிவில் வடக்குத் தெற்காக நிறுத்தப்பட்டது. அதனால் அதன் நீள் அச்சு புவியின் சுழற்சி அச்சுக்கு இணையாக அமைந்து, அந்த ஓர் அச்சில் திருப்புவதாலேயே ஒரு வான்பொருளைப் பல மணிநேரம் பின்தொடர முடிந்தது. ரேடியோ அலைகளை வெளியிடும் தொலைவான வான்பொருளை (ரேடியோ மூலத்தை) நிலவு மறைக்கும்போது அவ்வலைகளின் வலிமை குறையும் விதத்தைப் பதிந்து, அம்மூலம் வானில் எவ்வளவு அகன்று தெரிகிறது என்னும் கோண அளவு கணிக்கப்பட்டது.

முடிவு: தொலைவிலிருந்து வரும் அலைகள் நெடுங்காலத்துக்கு முன் புறப்பட்டவையாதலால் அவை கடந்தகாலத்தையே காட்டுகின்றன. சுவரூபும் விஜய் கபாஹியும் 1975இல் வெளியிட்ட ஆய்வுகள், மங்கலான, அதாவது பெரும்பாலும் தொலைவிலுள்ள, மூலங்களின் கோண அளவுகள் மாறா நிலைக் கொள்கையோடு பொருந்தவில்லை என்றும், ரேடியோ மூலங்களின் இயல்பு காலப்போக்கில் மாறிவந்துள்ளது என்றும் காட்டின.

பிற்கால ஆய்வு: பேரண்டத்தின் தொடக்கக்காலத்தைத் தேடும் பணி பின்னர் வேறு கருவிகளாலும் தொடர்ந்தது. முதல் விண்மீன்கள் தோன்றிய காலத்து ஹைட்ரஜனின் அலைகள் விரிவால் நீண்டு இன்று புவியை அடைகின்றன. அவற்றின் சுவடு கிடைத்ததாக 2018இல் ஆஸ்திரேலியாவில் இயங்கிய எட்ஜஸ் கருவியின் குழுவினர் அறிவித்தனர். தரையடி மண்ணின் அடுக்குகள் அளவீட்டைக் கெடுக்காதிருக்க, பெங்களூரு இராமன் ஆராய்ச்சி நிறுவனம் அதே சுவடைத் தேடும் தன் சாரஸ் 3 கருவியைக் கர்நாடகத்தின் தண்டிகானஹள்ளி ஏரியிலும் சராவதி நீர்த்தேக்கத்திலும் 2020இல் மிதக்கவிட்டுச் சோதித்தது. எட்ஜஸ் குழு கூறிய வடிவில் அச்சுவடு விண்ணிலிருந்து வந்ததன்று என அந்நிறுவனம் 2022இல் 95.3 விழுக்காடு உறுதியோடு முடிவு வெளியிட்டது.